பஞ்சுக் குச்சியில் போன சத்தம்

இந்தக் காலத்து மனிசருக்கு எடுத்துக்கொண்டு போகத் தெரியும், திருப்பிக் கொண்டுவந்து வைக்கத் தெரியாது. ஏணி கேட்டு வருகிறவன் ஏணியோடு போகிறான். பிறகு ஏணிக்குச் சொந்தக்காரன்தான் அவன் வாசலில் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்று, தன் ஏணியைத் தானே இரவல் வாங்குவதுபோல வாங்கிவர வேண்டும். கலியாணத்துக்கு, நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டு ஆறு போனால் நாலுதான் வரும், அதிலும் ஒன்று நெளிந்திருக்கும். சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள், சண்டை முடிந்தபிறகு வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்; ஒருத்தராவது திரும்பி வந்து, இதோ உங்கட பெயர், இதோ உங்கட முகம் என்று தந்தது கிடையாது. ஆனால் கிண்ணியாவுக்கு வெளியே, வயல் முடிந்து களப்புத் தண்ணீர் தொடங்குகிற இடத்தில் தாரா, அதாவது வாத்து, வளர்க்கும் முத்தலிப்புக்கு நடந்தது இவை எல்லாவற்றையும்விட மோசம். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய நூற்றெண்பத்தாறு தாராக்களின் சத்தத்தை, ஐஸ் உருகாமல் மீன் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றுக்குள் வைத்து மூடி, வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாராக்களை விட்டுவிட்டார்கள். சத்தம் மட்டும் போனது.

முதலில் வந்தது வருத்தம், தாரா நோய். முந்தின மாரியில் மழை பதினொரு நாள் விடாமல் பெய்து, வாய்க்கால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறிய கிழமையில், குஞ்சுகளின் கண்ணில் நீர் வடிந்து இமை ஒட்டிக்கொண்டது. பிறகு பச்சையாகக் கழிந்தன. பிறகு, யாரோ கேட்ட கேள்விக்கு இல்லை, இல்லை என்று சொல்வதுபோலத் தலையை ஆட்டத் தொடங்கின. அப்படித் தலையாட்டிய தாரா மறுநாள் மல்லாக்க விழுந்து, கழுத்தைப் பின்னால் வளைத்து, இரண்டு காலாலும் ஆகாயத்தைத் துழாவும், நீந்திக்கொண்டே சாகும். முத்தலிப் ஒரு தாராவையும் அந்த அளவுக்கு விட்டதில்லை. செத்தது ஹறாம், ஒருத்தருக்கும் உதவாது. மூச்சு இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுத்தால் ஒரு வீட்டுக்குக் கறி. அவருடைய வாப்பாவும் அப்படித்தான் செய்தார், பக்கத்துத் தாராக்காரரும் அப்படித்தான் செய்தார்கள். தலையாட்டுகிற தாராவைக் கண்டால் இடுப்பு வாரில் செருகியிருக்கும் கத்தியை உருவிக்கொண்டு ஓடுவார். வாய்க்கால் கரையில் ஒரு மருதங்கட்டை கிடந்தது. அதன்மேல் அறுப்பது அவர். அங்கேயே குந்தியிருந்து இறகு பிடுங்கி, குடலெடுத்து, அதே தண்ணீரில் அலசுவது அவருடைய பெண்சாதி ஸாலிஹா. எழுபத்திரண்டு வயதில் முத்தலிப்புக்கு இருந்த பெருமை இது ஒன்றுதான்: தன் பட்டியில் ஒரு தாராவும் வீணாய்ச் சாகவில்லை. அந்த மாரியில் மட்டும் எழுபதுக்கு மேல் அறுத்தார். அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் தாராக்கறி தின்று சலித்துப்போனது.

அப்போதுதான் லோஜினி வந்தாள். வெருகல் ஊர்ப் பிள்ளை, மிருக வைத்தியம் படித்து, தாராக்களுக்கு வருகிற கிருமி வருத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். டவுனில், ஓர்ஸ் ஹில் மேட்டில் ஒரு கந்தோரில் அவளுக்கு மேசையும் கதிரையும் பாதி ஃபிரிட்ஜும் கொடுத்திருந்தார்கள்.

"தாராட தொண்டையில இந்தப் பஞ்சை ஒருக்காத் தடவி எடுப்பம் ஐயா. அவ்வளவுதான்."

"எடுத்திட்டு?"

"என்ன கிருமி எண்டு பார்ப்பம்."

"பார்த்திட்டு?"

"உங்களிட்ட வந்து சொல்லுவம். ஒரு ரெண்டு மாசம் செல்லும்."

"ஒங்களப்போல ஆக்கள் சொன்ன ரெண்டு மாசத்தையெல்லாம் கூட்டினா எனக்கு இப்ப நூற்றிருபது வயசு, புள்ள."

குசினிக்குள்ளிருந்து ஸாலிஹா குரல் கொடுத்தாள். "பஞ்சைத்தானே வெக்கக் கேக்கிறாங்க, கிட்னியையா கேக்கிறாங்க? விடுங்களன்."

லோஜினி கொண்டுவந்தது முப்பது குச்சி. முப்பது தாராவில் எடுத்தால் போதும், மிச்சத்தைக் கணக்கில் கண்டுபிடிக்கலாம் என்றாள். முத்தலிப்புக்கு அங்கேதான் கோபம் வந்தது. முப்பது பேரை விசாரித்து நூற்றெண்பத்தாறு பேரின் கதையைச் சொல்கிறவன் பொய்யன் என்பது அவருடைய தீர்மானம். எடுப்பதென்றால் எல்லாவற்றிலும் எடு, இல்லையென்றால் வந்த வழியே போ என்றார். அந்தப் பிள்ளையும் போய், செவ்வாய்க்கிழமை நூற்றெண்பத்தாறு குச்சியோடு வந்தாள். பிற்காலத்தில் முத்தலிப் யோசித்துப் பார்த்து மனதுக்குள் வெந்தது இந்த இடத்தில்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் முப்பது சத்தத்தோடு போயிருக்கும்.

ஒவ்வொரு தாராவாய்ப் பிடித்து அலகை விரித்து, பஞ்சை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, சின்னக் குழாய்க்குள் போட்டு மூடினாள். எடுக்கப்பட்ட தாரா இறங்கி நடந்து, அலகைத் திறந்தது, சத்தம் வரவில்லை. பின்னேரம் மூன்று மணிக்குப் பட்டி பள்ளிவாசலைப்போல அமைதியாகிவிட்டது. ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குள் ஒரே அமளி. கடைசியாக எடுத்தது கறுப்பியில். கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறவள் அவள்தான். முத்தலிப் தீன் வாளியோடு ஐந்து நிமிசம் பிந்தினால் வேலிவரை வந்து நின்று ஏசுவாள், ஏசி முடிக்கும்போது கடைசியில் ஒரு இழுவை இழுப்பாள். அவளுடைய சத்தம் பெட்டிக்குள் விழுந்ததும் மற்றச் சத்தங்கள் கொஞ்சம் அடங்கின. லோஜினி படிவத்தில் 'சத்தமில்லை' என்று ஒரு குறிப்பு எழுதினாள். வாய்க்காலில் மருதங்கட்டைக்கு மேற்பக்கம் ஒரு போத்தல், கீழ்ப்பக்கம் ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்தாள். கையெழுத்து வாங்கினாள். போனாள்.

சீனன்குடாவில் வாகனத்தை மறித்த காவல்காரன் பெட்டியில் எத்தனை தாரா என்று கேட்டான். தாரா இல்லை என்றார்கள். அவன் காதை வைத்துப் பார்த்தான், மூடியைத் திறந்து பார்த்தான், குழாய்களைக் கண்டான், மூடினான். அதுகளுக்கு மூச்சு விட வழி வேண்டாமா என்று ஏசிவிட்டு, தன்னுடைய பேனையால் மூடியில் நாலு ஓட்டை குத்தி அனுப்பினான். அந்தப் பயணத்தில் ஒழுங்கான மனிசன் அவன் ஒருத்தன்தான் என்று முத்தலிப் இன்றைக்கும் சொல்கிறார்.

இரண்டு மாதம் போனது, ஊரடங்கு வந்தது. சத்தமில்லாத தாரா என்றால் குரைக்காத காவல் நாய் மாதிரி. முன்பு நரி வேலிக்கு வெளியே நிற்கும்போதே பட்டி முழுதும் கத்தும். இப்போது விடிந்தபிறகு இறகைக் கண்டால்தான் நரி வந்தது தெரியும். சீனன்குடாவில் விமானம் எழும்புகிற நேரமெல்லாம் அண்ணாந்து பார்த்து ஏசுவது தாராக்களின் வழக்கம்; அவை இப்போதும் அண்ணாந்து, கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து மூடின. தாய்த்தாரா கூப்பிட வழியில்லாமல், கேட்டுப் பழகச் சத்தமில்லாமல் ஊமையாகவே வளர்ந்த புதுக் குஞ்சுகள் எங்கே சத்தம் கேட்டதோ அங்கே போயின. பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ, எல்லாப் பாண் ஓட்டோவும் போடுகிற அந்த ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் பதினைந்து இருபது குஞ்சு வரிசையாய் அதன் பின்னால் போகும். பாண்காரன் பின்னேரத்தில் அவற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து விடுவான், இரண்டு இனிப்புப் பணிஸையும் முத்தலிப்பின் தலையில் கட்டிவிட்டுப் போவான். வருத்தமும் போகவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் வந்தது. முத்தலிப் கத்தியோடு ஓடினார். அந்த வருசக் கடைசியில் கறுப்பி தலையாட்டினாள். கட்டையில் வைத்து பிஸ்மி சொன்னபோது அவள் அலகைத் திறந்தாள். ஏசினாளா, வேறு எதாவது சொன்னாளா என்று தெரியாமலே அறுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்தக் கறியை அவர் தின்னவில்லை, முழுவதையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாளே பஸ் ஏறி ஓர்ஸ் ஹில்லுக்குப் போனார். லோஜினி இல்லை, ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தாள். பாக்கியரத்தினம் என்கிற கிளாக்கர் இருந்தார். ஒரு கதிரையைக் காட்டினார். முத்தலிப் இருக்கவில்லை. சுவரோரத்து ஃபிரிட்ஜுக்குள்ளே அவருடைய தாராக்கள் கத்திக்கொண்டிருந்தன. நூறு சத்தத்துக்கு நடுவில் கறுப்பியின் இழுவை தனியாகக் கேட்டது. அறுத்து இருபத்துநாலு மணித்தியாலம் ஆகியிருந்தது.

"அது எப்பவும் இப்படித்தான் ஐயா. நாங்க பழகிட்டம்," என்றார் பாக்கியரத்தினம். "மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டி எடுக்கத் திறந்தாத்தான் கொஞ்சம் கூடக் கத்தும்."

"தாங்க, நான் கொண்டு போறன்."

"ஏலாது ஐயா. அது சாம்பிள். ஆராய்ச்சிக்குரிய சொத்து."

"எண்ட தாரா கத்துறது ஒங்கட சொத்தா?"

"நீங்க கையெழுத்து வெச்சிருக்கிறீங்களே."

"பஞ்சுக்கு வெச்சனான்! சத்தத்துக்கா வெச்சனான்?"

பாக்கியரத்தினம் படிவத்தை எடுத்துக் காட்டினார். அதில் சத்தத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை, சத்தத்தைத் தரமாட்டோம் என்றும் இல்லை, தருவோம் என்றும் இல்லை. கடிதம் எழுதித் தாருங்கள், மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்றார். முத்தலிப் எழுதப் படிக்கத் தெரிந்தவர் மாதிரி அந்தப் படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கந்தோர் முழுதும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கி வந்தார். அந்த வார்த்தையை இங்கே எழுதத் தேவையில்லை.

2022இல் நாட்டில் காசு முடிந்து கரண்ட் போனது. ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம், பதின்மூன்று மணித்தியாலம். ஃபிரிட்ஜில் ஐஸ் உருக உருகச் சத்தம் கூடியது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற சனம் ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து தாரா கத்துவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் வரிசையைப் பார்த்தது. அந்த வருசம் தாராவைப் பற்றி ஆச்சரியப்பட ஒருத்தருக்கும் நேரமிருக்கவில்லை. லோஜினி மீன்காரரிடம் ஐஸ் கெஞ்சி வாங்கி, சைக்கிளில் கட்டி மேட்டில் தள்ளிக்கொண்டு போய் நிரப்பினாள் என்றும், கரண்ட் வந்து போகிற நேரம் பார்த்துக் கந்தோரிலேயே இருந்தாள் என்றும், கிருமி கெடாமல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் நின்றும் இருந்தும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனாள் என்றும் கதை வந்தது. முத்தலிப் நம்பவில்லை. சத்தத்தை வெளியூரில் விற்கக் கொண்டுபோயிருப்பாள் என்றார்.

ஆனால் அவள் வந்தாள். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தரும் திரும்பி வருவதில்லை என்ற அவருடைய சொல்லை அந்தப் பிள்ளை பொய்யாக்கியது. 2023 மாரிக்கு முன்னால் ஒரு காலையில் பாலத்தடியில் பஸ்ஸை விட்டிறங்கி, வெயிலில் நடந்து வந்து, பட்டி வாசலில் நின்றாள். தாரா எழுபதுதான் மிஞ்சியிருந்தது.

"கிருமியைப் பிடிச்சிட்டம் ஐயா. தடுப்பூசி செய்யலாம், உங்கட தாராவில எடுத்த கிருமியிலயே. ஆனா அதுக்கு முதல் ஒரு விசயம்." அவள் மருதங்கட்டையைப் பார்த்தாள். "கட்டைக்கு மேல எடுத்த தண்ணியில ஒண்டும் இல்ல. கட்டைக்குக் கீழ எடுத்த தண்ணி முழுக்கக் கிருமி. வருத்தக்காரத் தாராவ அதில அறுத்து, அதில கழுவுறீங்க. கீழ நிண்டு மிச்சத் தாரா குடிக்குது."

முத்தலிப்பின் கை இடுப்பு வாருக்குப் போனது. கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"இது பிஸ்மி சொல்லி வெச்ச கத்தி. எண்ட வாப்பாட கத்தி. இது வருத்தம் குடுத்ததெண்டா சொல்றாய்?"

"கத்தியில பிழை இல்ல ஐயா. அறுக்கிறதிலயும் பிழை இல்ல. இடம்தான் பிழை. தண்ணியில இருந்து தள்ளி, மேட்டில வெச்சு அறுங்க, கழுவுற தண்ணிய குழியில ஊத்துங்க."

"நான் அறுத்ததாலதான் இவ்வளவும் மிஞ்சியிருக்கு! ஒண்டையும் சாகவிடாம ஓடி ஓடி அறுத்தவன் நான். சத்தத்தைக் களவெடுத்தது நீங்க, பழி எண்ட கட்டைக்கா? போ புள்ள, போ."

அவள் போகவில்லை, நின்றாள். ஸாலிஹா குசினியிலிருந்து வெளியே வந்தாள். வழக்கமான பகிடி, கேலி, அவளுடைய குரலில் இல்லை.

"அறுத்தது நீங்க. முப்பது வருசம் அந்தத் தண்ணியில கழுவினது நான். சொல்றதெண்டா என்னையுமெல்லோ சொல்லோணும்."

பெண்சாதியைக் குற்றம் சொல்ல முத்தலிப்பால் ஏலாது. அவளை விட்டுவிட்டுத் தன்னை மட்டும் சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் லோஜினியைப் பார்த்து, தேத்தண்ணி குடிக்காமல் போகாதே என்று அதட்டிவிட்டு வயல் பக்கம் நடந்துபோனார்.

ஸாலிஹா அன்றிலிருந்து வாய்க்காலில் கை வைக்கவில்லை. தாரா அறுத்தால் அது கட்டையிலேயே கிடந்து எறும்பு மொய்த்தது. மூன்றாம் முறை அப்படி நடந்தபோது, ஒரு வியாழக்கிழமை காலையில் முத்தலிப் மருதங்கட்டைக்குக் கயிறு கட்டித் தனியாக இழுத்தார். எழுபத்தைந்து வயது, நனைந்த மரம். மேட்டுக்குப் போய்ச் சேரப் பின்னேர அசர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. கேட்டவர்களுக்கு, கரையில் கறையான் பிடிக்குது, அதுதான் மாற்றினேன் என்றார். ஈரக் கரையில் எங்கே கறையான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குழியையும் அவரே வெட்டினார். அது வாழை வைக்க என்றார்.

தடுப்பூசிக்கு அனுமதி எடுக்க மேலும் மாதங்கள் போயின. 2024 ஜூலையில் லோஜினி அதே ரெஜிபோம் பெட்டியோடு வந்தாள். மூடியில் காவல்காரன் குத்திய நாலு ஓட்டை அப்படியே இருந்தது. உள்ளே பால்போல வெள்ளையாய் மருந்து நிறைந்த நாலு சின்னப் போத்தல். ஒரு சத்தமும் இல்லை.

"இது என்ன?"

"உங்கட தாராட கிருமிதான். சாகடிச்சு, செத்த கிருமிய மருந்தில போட்டிருக்கு."

"செத்ததையா குத்தப் போறாய்?"

"இது தின்ன இல்ல ஐயா, குத்தத்தான்," என்றாள் லோஜினி. ஸாலிஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மிஞ்சியிருந்தது ஐம்பத்தெட்டுத் தாரா. முதல் தாராவின் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி ஊசியை ஏற்றியதும் அது கத்தியது. மூன்றரை வருசத்தில் அந்தப் பட்டியில் கேட்ட முதல் சத்தம். ஒரு சத்தம் இல்லை, மூன்று. நூற்றெண்பத்தாறு சத்தம் போனது, நூற்றெண்பத்தாறும் மருந்தில் இருந்தது, வாங்கிக்கொள்ள ஐம்பத்தெட்டுத் தொண்டைதான் இருந்தது. ஆகவே ஒன்றுக்கு மூன்று, சிலவற்றுக்கு நாலு, ஐந்து விழுந்தது. அறுத்துத் தின்ற தாராக்கள், நரி கொண்டுபோன தாராக்கள், எல்லாம் மிஞ்சியிருந்தவற்றின் வாயால் கத்தின. முன்பெல்லாம் கம்மிய தொண்டையோடு திரிந்த ஒரு சேவல் தாராவுக்கு ஐந்து பெட்டைகளின் சத்தம் ஏறி, அது தன் சத்தத்துக்குத் தானே பயந்து பட்டியை இரண்டு முறை சுற்றி ஓடியது. சீனன்குடாவில் விமானம் எழும்பியது. ஐம்பத்தெட்டும் அண்ணாந்து ஏசின. பாண்காரன் ரோட்டில் ஓட்டோவை நிறுத்தி, இனிக் குஞ்சு சேர்க்கிற வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த மாரியில் தலையாட்டிய தாரா ஒன்றுமில்லை. ஊரில் மற்றத் தாராக்காரரும் கட்டைகளை மேட்டுக்கு மாற்றினார்கள், கறையானுக்குப் பயந்துதான் என்றார்கள்.

மாரி முடிந்து, கணக்கெடுக்க லோஜினி வந்தபோது முத்தலிப் வேலியோரம் குந்தியிருந்தார். அவர் நாலு நாளாக அங்கேதான் குந்தியிருந்தார் என்றாள் ஸாலிஹா.

"ஒண்டும் சாகல்ல, சத்தமும் வந்திட்டுது. இப்ப சரிதானே ஐயா?"

"என்ன சரி? நூற்றெண்பத்துநாலுதான் கத்துது. ரெண்டு குறையுது."

"எப்பிடித் தெரியும்?"

"எண்ட தாரா எனக்குத் தெரியாதா? பழுப்பு இறகுக்காரி ஒருத்தி, நொண்டி ஒருத்தி. ரெண்டையும் காணல்ல. ஒங்கட ஃபிரிட்ஜுக்குள்ளதான் கிடக்கும், சாப்பாட்டுப் பெட்டிக்குப் பின்னால. போய்த் தேடிப் பாரு. முழுசாத் தந்தாத்தான் தந்தது. கட்டையில கிருமி எண்ட கதையெல்லாம் எனக்கு வேணாம்; அது இந்த முறை மழை குறைவு, அதுதான் வருத்தம் வரல்ல."

மழை குறைவில்லை. வாய்க்கால் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. லோஜினி, ரெண்டு குறைவு என்று படிவத்தில் எழுதிக்கொண்டாள். அவர் எழுந்து, கத்தியை வாரில் சரிசெய்துகொண்டு, வெறும் தீன் வாளியைத் தூக்கிக்கொண்டு தீன் அள்ள மேட்டுப்பக்கம் நடந்தார். தீன் நேரம் ஐந்து நிமிசம் பிந்திவிட்டிருந்தது. சேவல் தாரா வேலிவரை ஓடிவந்து, கழுத்தை நீட்டி, கறுப்பியின் சத்தத்தில் அவரை ஏசத் தொடங்கியது. ஏசி முடித்து, கடைசியில் அந்த இழுவையையும் இழுத்தது.

"வாறன் வாறன், வாய மூடு," என்றார் முத்தலிப், திரும்பிப் பாராமல்.